துண்டு போட்ட நாற்காலி

அன்புள்ள மகன் காளிராஜுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். நீ பட்டாளத்தில் சேருவாய் என்று சொன்னேன், சேர்ந்தாய். துப்பாக்கி தூக்கிக்கொண்டு மலையேறுகிற வேலை உனக்கு வராது, ஸ்டோரில்தான் உட்காருவாய் என்று சொன்னேன், பதினேழு வருஷமும் ஸ்டோரிலேயே இருந்தாய். அவில்தார் ஆகாமல் ஊர் திரும்பமாட்டாய் என்றேன், ஆனாய். வருகிற தை மாதம் பென்ஷனோடு வந்து இறங்கப்போகிறாய். இறங்குவதற்கு முன்பே ஒரு பட்டாசுக் கம்பெனி உன்னை வா என்று கூப்பிடும் என்றும் நான்தான் சொன்னேன். கூப்பிட்டார்களா இல்லையா? சந்தேகம் இருந்தால் ஆமத்தூரில் நாலு பேரைக் கேட்டுப் பார். இரண்டு பேர், ஆமாம் உங்கள் சித்தப்பா சொன்னார் என்பார்கள். மற்ற இரண்டு பேர் பொறாமைக்காரர்கள்.

உன் அப்பா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவர் எழுதியிருப்பார். பத்து வரியில் முடித்தும் இருப்பார். என் அண்ணன் பேச்சைச் செலவு செய்யவே யோசிக்கிற ஆள். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு, உனக்குப் புத்தி சொல்கிற பொறுப்பு சித்தப்பாவாகிய என் தலையில் விழுந்தது. நான் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனால் அந்த ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன், அதனால் எட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். புதுசாகச் செல்போன் வாங்கியிருக்கிறீர்களே சித்தப்பா, கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று நீ நினைப்பாய். போனில் நான் வாய் திறப்பதற்குள், "சுருக்கமாச் சொல்லுங்க சித்தப்பா, பின்னால ஆளு நிக்குது" என்பாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கவரை ஒட்டாமல்தான் முத்துச்செல்வியிடம் தபாலில் போடக் கொடுக்கப்போகிறேன். உன் பெண்டாட்டி படிக்காமல் போடமாட்டாள். உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவாள். காட்டட்டும். நாலு பேர் அறிய எழுதவேண்டிய கடிதம்தான் இது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. "பட்டாசுக் கம்பெனிக்கே போவதாக முடிவு செய்துவிட்டேன் சித்தப்பா. முத்துச்செல்விக்கு இதில் மனசில்லை. எனக்கும் விருதுநகர் பருப்பு மில் வேலைதான் நிம்மதி என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் ஒரு பெரிய மனிதர் மூன்று வருஷமாக எனக்காக நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்று எழுதியிருந்தாய். அதை நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படிக்கும்போது பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் பெருமை குறைந்தது. மூன்றாம் தடவை படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. இறங்கவே இல்லை என்பது கொஞ்சம் கூடுதல். வழக்கத்தைவிட இரண்டு கை குறைத்துச் சாப்பிட்டேன்.

உன்னைப் பட்டாளத்துக்கு அனுப்பியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உன்னைக் கூட்டிப் போனது நான். ஓட்டத்தில் நீ நாலாவதாக வந்தாய். ஊரில் நான் முதலாவது என்று சொன்னேன், அது வேறு விஷயம். செலக்‌ஷன் ஆகி வீட்டுக்கு வந்தால் உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "எம் புருசனத்தான் வாரிக் குடுத்தேன், மகனையும் குடுக்கணுமா" என்று அழுகிறார்கள். என்ன சொல்லித் தேற்றுவது? "மதினி, இவனுக்குத் துப்பாக்கியே கெடையாது. ஸ்டோர்ல உக்காந்து கணக்கு எழுதுற வேலை. பேனாதான்" என்றேன். "நெசமாவா?" "எங்கிட்டயே ஆபீசர் சொன்னாரு மதினி." எந்த ஆபீசர்? நான் ஆபீசரைப் பார்த்ததே மைதானத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றுதான். ஆனால் நடந்தது என்ன? டிரெயினிங் முடிந்ததும் உன்னை ஸ்டோரில்தான் போட்டார்கள். முதல் லீவில் வந்தபோது, எதற்கான ஸ்டோர் என்று உன் அம்மா கேட்க, நீயும் ஒளிக்காமல், "குண்டு, வெடிமருந்தும்மா, எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கும்" என்று சொல்லிவிட்டாய். அன்றையிலிருந்து பதினைந்து நாள் உன் வீட்டில் எனக்குக் காப்பித்தண்ணி கிடையாது. இருந்தாலும் நான் சொன்னபடி ஸ்டோர்தானே? அப்படி ஒரு பழக்கம் எனக்கு ஆகிப்போனது. வாய்க்கு வந்ததைச் சொல்வது, அது பின்னால் எப்படியோ பலித்துவிடுவது. பலிக்கிறவரை அதற்குப் பெயர் பொய், பலித்த பிறகு அதற்குப் பெயர் முன்யோசனை என்று நானே வைத்துக்கொண்டேன்.

இப்போது புத்திமதி. முப்பத்தாறு வயசில் வருகிறவனுக்கு ரிட்டயர்டு என்று பெயர் சொல்வதே தப்பு. மேலத்தெரு சுப்பையா அண்ணனை உனக்குத் தெரியும். நீ பட்டாளத்தில் சேர்ந்து கொஞ்ச நாளில் அவர் பட்டாளத்தை முடித்துக்கொண்டு வந்தார். "அம்புட்டு வருசம் பனியில கெடந்தீக, ஒரு வருசம் பேசாம காலை நீட்டி உக்காருங்கண்ணே" என்று அவருக்குச் சொன்னவன் நான். அது நான் செய்த தப்பு. அந்த மனுஷனுக்கு உட்காரத் தெரியவில்லை. காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். சேவிங் செய்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுத் தெருவில் வந்து நிற்பார். போவதற்கு இடமில்லை. முதலில் தன் வீட்டு வாசலைக் கூட்டினார், பிறகு பக்கத்து வீட்டு வாசல், பிறகு தெரு முழுக்க. டீக்கடையில் சண்டைக் கதை சொல்வார். முதல் மாதம் கூட்டம் நின்று கேட்டது. மூன்றாம் மாதம் அவர் வாயைத் திறந்தால், "அண்ணே, இந்த எடத்துலதான பாலம் ஒடைஞ்சது" என்று கதையை அவர்களே முடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஆறு மாதத்தில் அவர் என்னிடம் வந்து, "தம்பி, எந்திரின்னு சொல்லவும் உக்காருன்னு சொல்லவும் ஒரு ஆளு வேணும்டா எனக்கு" என்றார். பிறகு மதுரையில் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்குப் போனார். போன மாதம் பார்த்தேன். பத்து வயசு குறைந்து தெரிகிறார். பத்து இல்லை, ஒரு நாலு. அதனால் நீ வந்து ஓய்வெடு என்று இனி யாருக்கும் நான் சொல்லமாட்டேன். வந்த பத்தாம் நாள் ஒரு வேலையில் இரு. ஆனால் அது உனக்குப் பிடித்த வேலையாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தின் சாரமே இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் என் பேச்சு.

அடுத்தது வீடு. போன ஆவணியில் லீவுக்கு வந்தபோது நீ செய்த காரியத்தை இன்னும் உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஏதோ பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று அடுக்களைக்குள் போய், டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி நம்பர் போட்டு, உள்ளே எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி வைத்துவிட்டாய். மறுநாள் முத்துச்செல்வி குழம்புக்குப் புளியைத் தேடுகிறாள், காணோம். "புளி எங்கங்க?" என்று கேட்டதற்கு நீ முற்றத்திலிருந்து, "மேல் வரிசை, ஆறாம் நம்பர்" என்றாய். "ஆறாம் நம்பர்ல கடுகு இருக்கு." "அது ஒம்பதாம் நம்பர்ம்மா, தலைகீழாப் பாக்குறே." உன் அம்மா வெளியே வந்து, "ஏலே, இது வீடா கேம்பா? நாளைக்கு எம் முதுகுலயும் நம்பர ஒட்டிருவியோ? எப்ப வாங்குனதுன்னு தேதி வேற எழுதுவே" என்றார்கள். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் முத்துச்செல்வி சிரிக்கவில்லை. பதினேழு வருஷத்தில் பெரும்பகுதி அவள்தான் அந்த வீட்டை நடத்தியிருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கூரையில் ஓடு மாற்றவேண்டும் என்றாலும் அவள்தான். அந்த வீட்டுக்கு மாற்றலாகி வருகிற புது ஆள் நீ. வந்து ஒரு ஆறு மாதத்துக்கு அவள் சொல்கிற இடத்தில் நில். புளி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, நம் ஊர் ஆட்களிடம் வேலை வாங்குகிற விதம். நீ பருப்பு மில்லுக்குப் போனாலும் சரி, பட்டாசுக்குப் போனாலும் சரி, இது உதவும். நான் அந்தப் பட்டாசுக் கம்பெனி வேனுக்குப் பொறுப்பு. காலையில் ஆமத்தூரிலிருந்து ஐம்பது பெண்களை ஏற்றிப் போய்ச் சேர்ப்பது என் வேலை. ஐம்பது என்பது சீசனில். மற்ற நாளில் முப்பது. இத்தனை வருஷத்தில் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போனதில்லை. யாராவது பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று தாமதமாக ஓடி வருவாள். டிரைவர் ஆரனை அடித்துக்கொண்டே இருப்பான். நான் இறங்கிப் போய் டயரை ஒரு உதை உதைத்து, "காத்து கம்மியா இருக்குப்பா, ஒரு நிமிசம்" என்பேன். டிரைவருக்கும் தெரியும், உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கும் தெரியும், டயரில் காற்று இருக்கிறது என்று. அவள் வந்து ஏறுவாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் கொண்டுவந்த முறுக்கில் எனக்கும் ஒன்று வரும். நீ விசில் ஊதிப் பழகியவன். இங்கே விசில் ஊதினால் பேருந்து கிளம்புகிறது என்று நினைப்பார்கள். கேட்டுத்தான் வேலை வாங்கவேண்டும்.

இது உனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. ஆவணியில் கம்பெனிக்கு வந்த அன்றைக்கு நீயே காட்டினாய். அந்த நாளை நான் ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? உனக்கும் ஒரு தடவை சொல்கிறேன், நீ கூட இருந்தவன்தான் என்றாலும். மூன்று வருஷமாக நான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா, முதலாளி உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், வெடிமருந்துக் கிடங்கு பார்த்த ஆள் நமக்கு வேண்டும் என்கிறார், ஆபீஸ் அறையில் ஒரு நாற்காலியில் துண்டு போட்டு உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று. லீவில் வந்ததும், "வாங்க சித்தப்பா, அம்புட்டுத் தூரம் சொன்னவரு, நேர்ல பாத்து ஒரு நன்றி சொல்லிட்டு வந்துருவோம்" என்றாய். நீ கேட்டில் செல்போனை ஒப்படைத்துப் பெயர் எழுதிவிட்டு உள்ளே வந்தாய். ஆபீஸ் அறையில் ஜன்னலோரம் அந்த நாற்காலி. அதன் மேல் பச்சைக்கரைத் துண்டு. நீயே உன் கண்ணால் பார்த்தாய். "இதா சித்தப்பா?" என்று மெல்லக் கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். முதலாளி உள்ளே வந்ததும் நீ விறைப்பாக நின்று, "எனக்காக இத்தனை நாள் காத்திருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாய். முதலாளி உன்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். எப்பேர்ப்பட்ட ஆளை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்கிற பார்வை. "அதனால என்ன தம்பி, வாங்க, வந்தது வந்தீக, கம்பெனியச் சுத்திப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, கூட்டத் தேவையும் இல்லை. வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி இருக்கிற அறைகளில் முதல் அறைக்கு முன்னால் போய் நின்று நீ பூட்ஸைக் கழற்றினாய். உள்ளே இன்னும் மூன்று பேரோடு திரி சொருகிக்கொண்டிருந்த நம் ஊர் சோலையம்மாள், "என்னய்யா, கோயிலுக்குள்ளயா வாறீக, செருப்பக் கழத்துறீக" என்றாள். "இரும்பு லாடம் அடிச்ச பூட்சுக்கா. ஒரு பொறி வந்தா நீங்களும் நானும் ஒண்ணாப் போகணும்." "போவோமே. முத்துச்செல்வி கேட்டா நீரு என்ன பதில் சொல்லுவீரு?" அறையே சிரித்தது. நீ கதவோரம் இருந்த, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்குகிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, உள்ளே போகாமல் வாசலிலேயே குந்தி உட்கார்ந்தாய். வாசலை அடைத்துக்கொண்டு முடித்த சரக்குக் கூடைகள் இரண்டு இருந்தன. "இந்தக் கூடை ரெண்டையும் நான் வெளிய எடுக்கட்டுமாக்கா?" "எடுத்துட்டு எங்கன வைப்பீரு? சீசன்ல லோடு எடுக்க ஆளு வர மத்தியானம் ஆகும். எண்ணிக்கை மாறிப்போனா எங்களுக்குத்தான் நட்டம்." "எண்ணிக்கைக்கு நான் பொறுப்பு. ஒங்க பேரு எழுதி நெழல்ல வைக்கேன். ஒண்ணு ஆச்சுன்னா நாலு பேரும் இந்த வழியாத்தானக்கா ஓடணும்? கூடையத் தாண்டுற நேரம் இருக்காது." அவள் திரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கூடையை உன் பக்கம் நகர்த்தினாள். நீ கேட்டதும், காரணம் சொன்னதும், கூடைக்குப் பெயர் எழுதியதும், பக்கத்து அறைப் பெண்கள் எழுந்து அவர்களாகவே தங்கள் கூடையை வெளியே வைத்ததும், எல்லாவற்றையும் முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சோலையம்மாள் என்னைப் பார்த்து, "என்னண்ணே, காலையில வேன்ல வரும்போது தோள்ல புதுத்துண்டு கெடந்துச்சே, எங்க காணோம்?" என்று கேட்டாள். வெயிலுக்கு எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன்.

திரும்பி வரும்போது முதலாளி உன்னிடம், "ஒங்க வெடிமருந்துக் கிட்டங்கியில இத்தன வருசத்துல ஏதாவது விபத்து நடந்திருக்கா தம்பி?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா. ஒண்ணும் நடக்கல. அதனால மெடலும் கெடைக்கல" என்றாய். ஊரில் நான் உனக்கு மூன்று மெடல் என்று சொல்லி வைத்திருந்தேன். பரவாயில்லை. அந்தப் பதிலைக் கேட்டபோது மூன்று மெடலையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கிளம்பும்போது நீ அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தாய்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் முத்துச்செல்வி கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. "பதினேழு வருசம் அங்க வெடிமருந்து, நான் இங்க போன் மணி அடிச்சாலே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இனியும் இங்கன வெடிமருந்தா சின்ன மாமா? எங்கண்ணன் சொன்ன பருப்பு மில்லுல குடோன் பொறுப்புக்கு ஆளு கேக்காக. பொங்கல் வரைக்கும் பாப்பாகளாம். அங்க போகட்டுமே. பருப்பு மூட்டை வெடிச்சு எவனும் செத்ததில்ல." நீ, "முதலாளி காத்திருக்காரு செல்வி, அவருக்கு நாம என்ன பதில் சொல்ல?" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? "ஆமாம்மா, மூணு வருசமால்ல காத்திருக்காரு, லேசா?" என்றேன். உன் அம்மா மட்டும், "கொழுந்தனாரு சொல்லுறதுல பாதியத் தள்ளிட்டு மிச்சத்தையும் வெயில்ல காய வச்சுத்தான் எடுக்கணும்" என்றார்கள். உங்கள் இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை. என் காதில் விழுந்தது.

காளிராஜ், இனி எழுதப்போவதை முத்துச்செல்வி சத்தமாகவே வாசிக்கட்டும். முதலாளி உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேன் பக்கத்தில் நின்றபோது, "ஒங்க வீட்டுல யாரோ பட்டாளத்துல இருக்காகளாமே" என்றார். "ஆமா முதலாளி, அண்ணன் மகன். வெடிமருந்து ஸ்டோர்ல" என்றேன். "ஓகோ" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு 'ஓகோ'வை வைத்துக்கொண்டு நான் உனக்கு மூன்று வருஷம் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். நாற்காலியும் நான் போட்டதுதான். அந்த அறைக்குச் சரக்கு வாங்க வருகிற ஏவாரிகள் உட்கார நாலைந்து நாற்காலி கிடக்கும். நீ கேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் நான் முன்னால் ஓடிப் போய், பேருந்தில் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிற மாதிரி, ஒன்றின் மேல் என் துண்டை வீசினேன். முதலாளி என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு நான் மேலே எழுதியிருக்கிற அர்த்தம் சரியில்லை. நான் பொய்யன் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்து, உன் முகத்துக்காக அதை மூடி வைத்த பார்வை அது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். பட்டாளம் முடித்து வருகிறவர்கள் எல்லாம் சுப்பையா அண்ணன் மாதிரி மதுரைக்கும் சென்னைக்கும் காவலுக்குப் போய்விடுகிறார்கள். நீயும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். அதைவிட ஒரு ஆசை. காலையில் வேனில் முன்சீட்டில் உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆமத்தூர் வழியாகப் போகவேண்டும், ஊர் பார்க்கவேண்டும். இவ்வளவுதான் காரணம். வழக்கம்போல இதுவும் பலித்துவிடும் என்று இருந்தேன். ஆனால் மதினியிடம் நான் சொன்ன பொய்யால் மதினி தூங்கினார்கள். இந்தப் பொய்யால் நீ உனக்கு மனசில்லாத ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாய். முத்துச்செல்வி இன்னும் இருபது வருஷம் கம்பெனிச் சங்குச் சத்தத்துக்கெல்லாம் நெஞ்சைப் பிடிக்கவேண்டும். இரண்டும் ஒன்றில்லை என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

நீ கம்பெனிக்கு வந்துபோன மறுநாள் நடந்ததையும் சொல்லவேண்டும். இதைப் பொய் என்று நினைத்தால் சோலையம்மாளைக் கேள், அவள் கூலிச்சீட்டு வாங்க வந்து வாசலில் நின்றாள். முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றுதான் போனேன். மேஜை மேல் என் துண்டு மடித்து வைத்திருந்தது. "இந்தாய்யா, ஒன்னோட துண்டு" என்றார். வாங்கிக்கொண்டேன். "இத்தன நாளு நான் கேட்டேன் கேட்டேன்னு சொல்லியிருக்க. இப்ப நெசமாவே கேக்குறேன். அந்தத் தம்பி வந்தா எனக்குச் சந்தோசம். ஆனா எனக்காகவோ ஒனக்காகவோ வரவேண்டாம். கூடைய எடுத்து வெளிய வச்சாருல்ல, அந்த வேலை பிடிச்சிருந்தா வரட்டும். வரலைன்னாலும் வருத்தமில்ல. கூடை வைக்க வெளிய மேடை கட்டச் சொல்லிட்டேன்" என்றார். இதில் முதல் பாதியை மட்டும் உனக்குச் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். இப்போது சொல்லிவிட்டேன். மேடை கட்டியாகிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு கம்பெனி திறந்ததிலிருந்து வாசலில் கூடை கிடப்பதில்லை.

ஆக உன் முன்னால் இருப்பது ஒரு கம்பெனியும் ஒரு மில்லும். யாரும் உனக்காக மூன்று வருஷம் காத்திருக்கவில்லை. யாருக்கும் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, முத்துச்செல்விக்கு மட்டும்தான். முதலாளி கேட்டது நீ பூட்ஸைக் கழற்றி வைத்த விதத்தைப் பார்த்து. என் கடிதத்தைப் பார்த்து இல்லை. மில்காரர்களும் உன்னைப் பார்த்தால் அப்படித்தான் கேட்பார்கள். அங்கே எத்தனை மூட்டைக்கு வேண்டுமானாலும் நம்பர் போட்டுக்கொள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பட்டாசுக்கு வந்தால் நாலு பேர் வேலை செய்கிற அறையிலிருந்து நாலு பேரும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள். இரண்டும் நல்ல வேலை. எனக்கு எதில் ஆசை என்று மட்டும் கேட்காதே. கேட்டால் நன்றாக ஜோடித்துச் சொல்லிவிடுவேன்.

உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் எனக்குக் காப்பித்தண்ணி எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. பதினைந்து நாள் என்றால் தாங்கிக்கொள்வேன். நீயும் முத்துச்செல்வியும் பேசி முடிவு செய்து ஒரு வரி எழுதுங்கள்.

நாற்காலி அங்கேயே ஜன்னலோரம் கிடக்கிறது. வருகிறவர்கள் போகிறவர்கள் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். துண்டு என் தோளில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் சித்தப்பா